பிக் மச் பார்க்க யாழ்ப்பாணம் போனால்: இந்த முறை நான் கண்டது

பள்ளிக்கூட மச் ஒன்றுக்காகக் கனடாவில் இருந்து வரவேண்டுமா என்று கொழும்பில் ஒருவர் கேட்டார். வரத்தான் வேண்டும். எங்கள் சென் ஜோன்ஸும், சென்றல் என்று நாங்கள் சொல்லும் யாழ் மத்திய கல்லூரியும் 1904இல் இருந்து மோதுகிற கிரிக்கெட் இது. யுத்தத்தால் சில வருடங்கள் நடக்காமல் போயும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அடுத்த மார்ச்சில் போக நினைக்கிற பழைய மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கொழும்பு கோட்டையில் இருந்து ரயிலில் போங்கள். 1990இல் நின்ற யாழ்தேவி 2014 ஒக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணத்துக்குள் வந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு பஸ்ஸில் போக மனம் வரவில்லை. ஆசனப் பதிவு திறந்த அன்றே போட்டுவிடுங்கள், மச் வாரத்தில் குளிரூட்டிய பெட்டி உடனே நிரம்பிவிடும். ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர் தெரிந்தபோது பெட்டியில் பேச்சு நின்றுவிட்டது. சென்னையில் உறவுகள் இருப்பவர்கள் பலாலி விமான நிலையத்துக்கு நேரே பறந்து வரலாம்.

தங்குமிடம்தான் தலைவலி. பதிவு செய்த விடுதிக்குப் போனால், அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மச் நேரத்தில் இது நடக்கும் போல. முதல் நாளே தொலைபேசியில் கூப்பிட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஓட்டோக்காரத் தம்பிதான் வேறு இடம் பிடித்துத் தந்தார். ஏறியதும் அவர் கேட்டது, "சென்றலோ ஜோன்ஸோ, ஐயா?" அவர் சென்றல் பக்கம். ஆனாலும் சொன்ன காசுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

மைதானம் பொது நூலகத்தில் இருந்து நடக்கிற தூரம்தான். உள்ளே போனதும் பாண்ட் சத்தம். சிவப்பும் கறுப்புமாக எங்கள் பெடியள், எதிர்ப்பக்கம் நீலக் கொடிகள்.

எனக்கு மறக்கமுடியாத மச் நான் பத்தாம் வகுப்பில் பார்த்தது. எங்கள் கடைசிச் சோடி நின்றது, ஒருவர் அவுட்டானாலும் தோல்விதான். பதினோராவது ஆள் வேகப்பந்து வீச்சாளர், மட்டை பிடிக்கவே தெரியாது. சென்றல்காரர் சுற்றிவரக் குந்திக்கொண்டு நிற்க, அவர் இடது காலை நீட்டி நீட்டி ஒவ்வொரு பந்தையும் மறித்தார். ஒரு பந்து கையுறையில் பட்டு, மட்டைக்குக் கிட்ட ஷோர்ட் லெக்கில் நின்றவரின் விரல் நுனிக்கு முன்னால் விழுந்தது. என் பக்கத்தில் இருந்த வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது. அந்தப் பதினோராவது ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டு பிரதான வீதியால் எங்கள் பள்ளிக்கூடம் இருக்கிற சுண்டுக்குளி வரைக்கும் போனோம்.

இந்த முறை பக்கத்தில் இருந்த லண்டன்காரர் சென்றல் பழைய மாணவர். அதே மச்சை அவரும் பார்த்திருக்கிறார்! வெளிச்சம் நல்லாகத்தான் இருந்தது, நடுவர் அவசரப்பட்டு ஸ்டம்பைப் பிடுங்கி மச்சை முடித்துவிட்டார் என்று இன்றைக்கும் சொல்கிறார். தேநீர் இடைவேளை வரை அதையே பேசினோம். அப்புறம் அவர் வாங்கித் தந்த ரோல்ஸும் தேத்தண்ணியும் அருமை.

ஒரு விஷயம் மனதில் நிற்கிறது. மார்ச் வெயில் வயதானவர்களுக்குக் கடுமை. கொட்டகை போட்டு, தண்ணீர் கொடுத்து, மாணவர்கள் ஓடி ஓடி உதவினார்கள். கூட்டமோ வருடாவருடம் பெருகுகிறது. எண்பது வயது தாண்டிய பழைய மாணவர்கள் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். வெளிநாட்டுச் சங்கங்கள் இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் பொதுவாகக் காசு சேர்த்தால், அவர்களுக்கென்று நிழலும் நல்ல கதிரைகளும் போடலாம். லண்டன்காரரும் தன் பக்கத்தில் கேட்பதாகச் சொன்னார், நான் ரொறன்ரோவில் பேசத் தொடங்கிவிட்டேன்.

மச் பெரும்பாலும் வியாழன் தொடங்கி சனி வரை நடக்கும். திரும்புகிற ரயிலை ஞாயிற்றுக்கிழமைக்குப் போடுங்கள், சனி பின்னேரம் மைதானத்தை விட்டு எழும்ப மாட்டீர்கள்.