சீகையை வெட்டுவதா, விட்டுவைப்பதா?

மூணாறு பக்கத்து மலைக்கிராமமான வட்டவடையின் டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் இரண்டு கட்சி. புல்சரிவுகளில் பரவிவிட்ட சீகை மரத்தை அடியோடு வெட்டணும் என்பது ஒன்று. வெட்டினால் இன்னும் கெட்டுப்போகும், விட்டுவிடு என்பது மற்றது. இருவரும் ஒரே இடத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது என் எண்ணம்.

தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த மரம் இது, வனத்துறையினருக்கு வாட்டில். உயர்மலையின் இயல்போ வேறு: சரிவெல்லாம் புல், மடிப்புகளில் மட்டும் சோலை எனும் அடர்ந்த குட்டை மரக்காடு.

முதலில் வெட்டுவது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கும். மரத்தைச் சாய்த்ததும் வெயில் தரையில் படுகிறது. அடுத்த மழைக்குக் கீரைப்பாத்தி மாதிரி கன்றுகள். கால் வைக்க இடமிருக்காது. தீப்பட்டால் கேட்கவே வேண்டாம், விதையின் கெட்டித்தோல் விட்டுக்கொடுத்து மொத்தமாக முளைக்கும். ஆகவே வெட்டு என்பது முதல் நாள் வேலைதான். அப்புறம் வருஷா வருஷம் கையால் கன்று பிடுங்கி, புல் தூறுகளை நட வேண்டும். ஆனைமுடிச் சோலை தேசியப் பூங்காவில் பழத்தோட்டம் என்ற இடத்தில் புல் திரும்பியதும் இப்படித்தான். வெட்டுக்குப் பணம் கிடைத்துவிடும், கட்டை விலைபோகும். களையெடுக்கக் கூலி கேட்டால்தான் எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

விட்டுவைக்கும் வழி சோலையை ஒட்டிய பழைய சீகைக் காட்டுக்குப் பொருந்தும். அந்த நிழலில் பறவைகள் போட்ட விதையிலிருந்து சோலைக் கன்றுகள் தாமாக எழும்பும். அங்கே கோடாலி எடுத்தால் கன்றும் நசுங்கும். ஆனால் இதே நியாயத்தைப் புல்சரிவுக்குக் கொண்டுவரக் கூடாது. நிழல் விழுந்தால் புல் செத்தது. 2030-இல் பூக்க வேண்டிய நீலக்குறிஞ்சிக்கும் அங்கே இடமில்லை.

சரி, புல்சரிவு மீண்டதா என்று எப்படிப் பார்ப்பது? செயற்கைக்கோள் படம் மலை முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும், ஆனால் சீகைக் கன்றும் பச்சை, புல்லும் பச்சை. படம்தான் வேண்டுமென்றால் பிப்ரவரிப் படம் எடுங்கள். பனியில் கருகிப் புல் வைக்கோல் நிறமாகிவிடும், சீகை பச்சையாகவே நிற்கும். விரலளவு கன்று அதிலும் தெரியாது. அதற்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் போட்டு, குந்தி உட்கார்ந்து, சீகை எத்தனை, புல் எத்தனை தூறு என்று எண்ணத்தான் வேண்டும். ஒரு சரிவுக்கு ஒரு நாள் ஆகும், முழங்கால் வலிக்கும். என் ஓட்டு சட்டத்துக்கே. எண்ணுகிற கையே கன்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு வரலாம். எண்ணிக்கையைக் குறித்த பிறகு.