டிரவுட்டா, கெண்டையா, பொடிமீனா?

அம்மாவுக்கு ஹீமோகுளோபின் குறைவு என்று தெரிந்ததும் ஆளுக்கொரு மீனைச் சொன்னார்கள். "டிரவுட் வாங்கிக் கொடு, அதுல இல்லாத சத்தா?" என்றார் மாமா. டிரவுட் குளிர்ந்த நீரில் வாழும், வெளியிலிருந்து வந்த மீன். நீலகிரிக்காரர்களுக்கு அதன் மேல் தனிப் பெருமை உண்டு. 1860களில் மீன் ஆராய்ச்சியாளர் பிரான்சிஸ் டே இங்கே டிரவுட்டைக் கொண்டுவர முயன்று முடியாமல் போனது. 1907இல் எச். சி. வில்சன் ஊட்டி பக்கம் உள்ள அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் அது நிலைத்தது. எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனாலும் அம்மாவின் தட்டுக்கு எது நல்லது என்று தனியாகப் பார்த்தேன்.

டிரவுட் உண்மையிலேயே முந்துவது ஒமேகா-3 கொழுப்பில். 100 கிராம் பச்சை மீனில் 600 முதல் 700 மில்லிகிராம் வரை கிடைக்கும். கெண்டையில், அதாவது காமன் கார்ப் எனும் சாதாக்கெண்டையில், ஏறக்குறைய அதில் பாதிதான். குளிர்ந்த நீரில் உடல் செல்களின் சவ்வு இறுகிவிடாமல் இருக்க இந்தக் கொழுப்பு மீனுக்கே தேவை; பண்ணை மீனுக்குப் போடும் தீவனத்திலிருந்தும் சேர்கிறது. புரதமும் டிரவுட்டில் 20 கிராம், கெண்டையில் 18. இதய நோய் உள்ளவருக்கு வாங்குவதென்றால் நான் யோசிக்காமல் டிரவுட்டையே எடுப்பேன்.

ஹீமோகுளோபினுக்குத் தேவையான இரும்பு முதலான தாதுக்களுக்கு வந்தால் கதை மாறுகிறது. 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்த சாதாக்கெண்டையை இங்கே பலர் மதிப்பதில்லை. முள் அதிகம், சேற்று வாடை என்பார்கள். அதில் 100 கிராமுக்கு இரும்பு சுமார் 1.2 மில்லிகிராம், துத்தநாகம் 1.5, பாஸ்பரஸ் 400க்கு மேல். டிரவுட்டில் இரும்பு 0.7க்குள்தான், பண்ணை மீனில் இன்னும் குறையும். மீனில் இருக்கும் இரும்பின் ஒரு பகுதி கீரையில் இருப்பதைவிட எளிதாக உடலில் சேரும். அதற்காக ரத்தசோகையைக் கெண்டை தீர்த்துவிடும் என்று நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மீன் துணைக்குத்தான். வாடைக்கு, மஞ்சளும் கல்லுப்பும் தேய்த்துப் புளித்தண்ணீரில் அலசினால் போதும்.

கால்சியம் வேண்டுமென்றால் இரண்டுமே தோற்கும். சதையில் கால்சியம் கொஞ்சம்தான். அது இருப்பது முள்ளில். முள்ளோடு மென்று தின்கிற பொடிமீனில் 100 கிராமுக்குப் பல நூறு மில்லிகிராம் கால்சியம் உண்டு, பாலில் 120தான். சில பொடிமீன் வகைகளில் வைட்டமின் ஏ-யும் ஏராளம், அதில் பெரும்பங்கு கண்ணிலும் குடலைச் சுற்றியும் இருப்பதால் தலையைக் கிள்ளி எறிந்தால் போய்விடும். கீழே அணைப் பக்கத்திலிருந்து வரும் பொடிமீனைப் புளிவிட்டு நேரமெடுத்துக் கொதிக்க வைத்தால் முள் இளகும்.

மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: அயோடின். கடல்மீன் அளவுக்கு நன்னீர் மீனில் அது கிடைக்காது. மழை அடித்துக் கழுவிய மலை மண்ணிலும் குறைவு என்பதால்தான் மலைப்பகுதிகளில் முன்கழுத்துக் கழலை அதிகம் இருந்தது. அதனால் ஆற்றுமீன் மட்டும் சாப்பிடுகிற வீட்டில் அயோடின் உப்பை விட்டுவிடக் கூடாது.

இப்போது எங்கள் வீட்டில் வாரம் ஒருநாள் கெண்டைக் குழம்பு, இன்னொரு நாள் பொடிமீன். மாமா வரும்போது டிரவுட்.