ஐந்து வருடச் சுண்ணாம்புச் சுவரும் ஒரு கையகல ஒட்டும்

எங்கள் வீட்டு ஹால் சுவரைத் தடவிப் பார்த்த நண்பர், கட்டிக்கொண்டிருக்கும் தன் வீட்டிலும் இதே செட்டிநாட்டுப் பூச்சு (சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பளபளவென்று இழைப்பது) போடலாமா என்று கேட்டார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. ஏசிக்கு ஒயர் இழுக்க வந்தவர் அதே சுவரில் கையகலத்துக்குக் கொத்திவிட்டுப் போக, இரண்டு மாதமாக அதை அடைக்கப் போராடிக்கொண்டிருந்தேன்.

பத்துக்குப் பத்தடிச் செங்கல் சுவர் அது. நானும் மனைவியும் வயதான கொத்தனார் ஒருவரும் சேர்ந்து பூசினோம். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி (தண்ணீர் கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் கிட்டே போகக் கூடாது), துணியில் வடிகட்டி, மேலே தண்ணீர் நிற்கிற மாதிரி இரண்டு மாதம் வைத்திருந்தோம். அடிப்பூச்சுச் சாந்துக்குக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர். மேல்பூச்சுச் சுண்ணாம்பை அம்மியில் வெண்ணெயாக அரைத்து, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்தோம். ஈரம் இழுத்துக்கொண்டு வரும் பதத்தில் கரண்டியால் அழுத்தித் தேய்த்து, அப்புறம் கூழாங்கல்லால் இழைக்க வேண்டும். அந்தப் பதம் தப்பினால் பளபளப்பு வராது. முட்டை வாடை சில நாளில் போய்விட்டது.

ஐந்து வருடத்தில் அந்தச் சுவருக்கு ஒரு டப்பா பெயிண்ட் வாங்கவில்லை. மே மாத மதியத்திலும் கன்னத்தை வைத்தால் ஜில்லென்று இருக்கும். ஐப்பசி மழையில் ஈரம் ஏறி, பக்கத்துச் சுவரின் எமல்ஷன் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. இதில் ஒரு பொருக்குகூட உதிரவில்லை. காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் நூறு வருட வீடுகளில் சுவர் இன்னும் முகம் பார்க்கிற மாதிரி இருப்பதை நம்பித்தான் இறங்கினோம். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை.

ஆனால் அந்த ஒட்டு!

முதல் தடவை அடைத்தது மறுநாளே ஓரம் சுற்றி மயிரிழையாக வெடித்தது. "தம்பி, பழைய சுவரை நல்லா நனைக்காம வச்சா அது புதுசோட தண்ணியை உறிஞ்சிடும்" என்றார் கொத்தனார். இரண்டு நாள் நனைத்துப் பூசினேன். பிடித்துக்கொண்டது, ஆனால் பழைய சுவர் லேசான தந்த நிறத்துக்கு வந்திருக்க, ஒட்டு மட்டும் வெள்ளைக் காகிதம் போலத் தெரிந்தது. அதையும் பெயர்த்துவிட்டு, மஞ்சள் காவி ஒரு சிட்டிகை கலந்தேன். ஈரத்தில் அச்சு அசலாகப் பொருந்திய நிறம், காய்ந்ததும் வெளுத்துவிட்டது.

காரணம் புரியாமல் இல்லை. பூசிய சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்து, மெல்ல மெல்ல மறுபடி சுண்ணாம்புக் கல்லாகிறது. ஐந்து வருடமாகக் கல்லாகிக்கொண்டிருக்கும் சுவருக்கும் நேற்றுப் பூசிய விழுதுக்கும் ஒட்டுறவு எப்படி வரும்? இது சுண்ணாம்பின் குற்றம் இல்லை, கொத்தியவரும் அவர் வேலையைத்தான் பார்த்தார். எல்லாம் தெரிகிறது, கோபம்தான் தீரவில்லை. நாலு மணிக்கு மேற்கு ஜன்னல் வெளிச்சம் சுவரில் வழுக்கிக்கொண்டு வந்து, சரியாக அந்த ஓரத்தில் உடைகிறது. வீட்டுக்கு வருகிற யாரும் இதுவரை அதைக் கவனித்ததில்லை. எனக்கு மட்டும் வேறெதுவும் கண்ணில் படுவதில்லை.

நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆணி அடிக்க, பாயிண்ட் மாற்ற, டிவியை இடம் மாற்ற என்று வருடம் ஒரு வேலை வரும் வீட்டுக்கு எமல்ஷன் போதும். சொன்னதைக் கேட்காமல் போடுவதென்றால், ஒயர் பைப் எல்லாவற்றையும் முதலில் ஓட்டி முடித்துவிட்டு, எந்தக் காலத்திலும் எதையும் மாட்டப்போவதில்லை என்று உறுதியான ஒரே ஒரு சுவரில் மட்டும் போடட்டும்.