கறுப்பு மெருகுக்கு அடியில் கருகிய எஃகு: கத்தியை மாற்றியமைக்கக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கடந்த செப்டம்பரில், சிறுமலையில் பெரியப்பாவின் தோட்டத்தில், நன்றாகக் காய்ந்த சில்வர் ஓக் கட்டை ஒன்றைப் பிளந்துகொண்டிருந்தேன். முழங்கை நீளக் கட்டை. கத்தியை அதன் தலையில் வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் நாலு தட்டுத் தட்டினால் இரண்டாகப் போக வேண்டியது. மூன்றாவது தட்டில் பிடியின் ஒரு பக்கத் தகடு அப்படியே பெயர்ந்து விழுந்தது. கத்தி கைக்குள் திரும்பியது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கிழித்த காயத்துக்குத் திண்டுக்கல்லில் 4 தையல் போட்டார்கள். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளிலும் அண்ணன் வண்டியை ஓட்ட, நான் துண்டைக் கையில் சுற்றிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அது மலிவான கத்தி அல்ல. அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் வாங்கி, விமானத்தில் சரக்குப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த கே-பார் பெக்கர் பிகே 2. கால் அங்குலத் தடிமன், 5.25 அங்குல அலகு, அலகும் பிடிக்குள் போகும் வாலும் ஒரே இரும்பு. மூன்று வருடம் தோட்டத்தில் உழைத்தது. மூங்கில் பிளந்தது, மிளகுக் கொடி படரும் மரங்களில் கிளை கழித்தது, கூடாரத்துக்கு முளை சீவியது. ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை. அதைக் கெடுத்தது, மேலும் நல்லதாக்கித் தருகிறோம் என்று வாங்கிப்போன ஒரு பட்டறை.

எனக்கு அந்தக் கத்தியில் நாலு குறைகள் இருந்தன. நைலான் பிடி மழையில் வழுக்கியது. அலகின் மேல் இருந்த கறுப்புப் பூச்சால் முதுகின் விளிம்பு மழுங்கி, தீ மூட்டும் ஃபெரோ தண்டில் உரசினால் பொறி சரியாகப் பறக்கவில்லை. வெட்டும் வாய்ப்பகுதி தடிப்பாக இருந்ததால் சீவும் வேலைக்குச் சுகமில்லை. கூட வந்த நைலான் உறையும் எனக்குப் பிடிக்கவில்லை. வெளிவேலைக்குக் கத்தி வைத்திருக்கும் பலரும் செய்துகொள்கிற மாற்றங்கள்தாம் இவை. பூச்சை உரித்து, முதுகைச் சரியான செங்கோணத்துக்குத் தேய்த்து, வாயை மெல்லியதாக்கி, மைக்கார்டா என்னும் பிசின் பலகையில் பிடியும் தோல் உறையும் போட வேண்டும் என்று கேட்டேன்.

பட்டறை மேற்கு மாவட்டம் ஒன்றில் இருக்கிறது. பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் வெளியிடும் படங்களைப் பார்த்துத்தான் போனேன். ஒவ்வொரு கத்தியும் மைபோன்ற கறுப்பு மெருகோடு அவ்வளவு அழகாக இருக்கும். பிடிக்கு 3,200, தீட்டுவதற்கு 2,000, பூச்சு நீக்கி மெருகிட 1,300, உறைக்கு 2,000, ஆக 8,500 ரூபாய் என்றார்கள். 4,000 முன்பணம். ரசீது கேட்டேன். “சின்னப் பட்டறை சார், போனில் அனுப்பிவிடுங்கள், அதுவே ரசீதுதானே” என்றார் பேசியவர். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். பதினைந்து நாள் என்று சொல்லி 52 நாள் எடுத்துக்கொண்டார்கள். மீதி 4,500 வந்த பிறகுதான் கூரியரில் போடுவோம் என்றார்கள். அனுப்பினேன்.

பெட்டியைப் பிரித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. படத்தில் பார்த்த அதே கறுப்பு மெருகு. முடியை மழிக்கும் அளவுக்குக் கூர். இதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் ஏமாற்றத்தின் கண்ணி அந்தக் கூரில்தான் இருந்தது. கருகிப்போன எஃகையும் கூராக்க முடியும். ஒரு நாள் காகிதம் வெட்டும், இரண்டு நாள் தக்காளி வெட்டும். மரத்தில் வைக்கும்போதுதான் தெரியும்.

சிறுமலையில் பிடி பெயர்ந்த அன்றே அண்ணன் இன்னொன்றையும் கவனித்திருந்தார். முனையிலிருந்து ஏறக்குறைய ஓர் அங்குலத்துக்கு வாய் ஒரு பக்கமாக மடங்கியிருந்தது, தகர டப்பாவின் விளிம்பைப் போல. சில்வர் ஓக் மென்மையான மரம். அதில் மடங்கும் வாய் எதில் நிற்கும்?

தையல் பிரித்த பிறகு, நத்தம் சாலையில் ஒரு கிராமத்தில் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். எங்கள் தோட்டத்து அரிவாள்கள் எல்லாம் அவர் கையில் தோய்ச்சல் (இரும்பைச் சுட்டு முக்கிக் கடினமாக்குவது) வாங்கியவை. கத்தியை வாங்கியவர் கூரைப் பார்க்கவில்லை, மெருகைப் பார்க்கவில்லை. ஓர் அரத்தை எடுத்தார். பிடிக்கு அருகே வாயில் வைத்து லேசாகத் தள்ளினார். அரம் கண்ணாடி மேல் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. அதே அரத்தை முனைக்கு அருகே வைத்துத் தள்ளினார். கடித்தது. பொடி உதிர்ந்தது.

“இங்கே தோய்ச்சல் இருக்கிறது தம்பி, அங்கே இல்லை. ஒரே கத்திக்குள் இரண்டு கத்தி இருக்கிறது. யாரோ மிஷினில் வைத்துச் சுட்டிருக்கிறார்கள்.”

பிறகு தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால் முனைப்பகுதியின் மெருகைத் தேய்த்தார். எஃகின் மேல்தோல் வரும்வரை தேய்த்தும், அலகின் மற்ற இடங்களில் வந்த வெள்ளை நிறம் அங்கே முழுதாக வரவில்லை. சீர்செய்யாமல் விட்ட கீறல்களின் பள்ளத்தில் நீலமும், அதற்கும் வெளியே சாம்பலும் தங்கியிருந்தன.

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். எஃகைச் சூடேற்றி எண்ணெயிலோ நீரிலோ முக்கினால் அது கடினமாகிறது, ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும். அதனால் மறுபடியும் மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள். கத்திகளுக்கு அந்த இரண்டாம் சூடு பெரும்பாலும் 200 டிகிரி செல்சியசை ஒட்டியது. பிறகு எந்த நாளிலாவது அதைவிட அதிகமாகச் சூடேறினால் கடினம் குறைந்துவிடும். ஆறினாலும் திரும்பி வராது. என் கத்தி 1095 என்னும் கார்பன் எஃகின் வகை. நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு கார்பன். அதில் குரோமியம் மிகக் குறைவு, சூட்டைத் தாங்கி நிற்கும் எஃகு அது அல்ல. எவ்வளவு சூடேறியது என்பதை எஃகு தன் மேலேயே நிறமாகக் காட்டும். 220 டிகிரி சுற்றுவட்டத்தில் வைக்கோல் மஞ்சள், 250க்குப் பக்கத்தில் பழுப்பு, 280இல் ஊதா, 300இல் நீலம். அதற்கும் மேலே சாம்பல். வேகமாக ஓடும் உப்புத்தாள் பெல்ட்டில் வாயை அழுத்திப் பிடித்தால், மெல்லிய முனையில் சூடு போக இடமில்லாமல் சில விநாடிகளிலேயே நீலம் ஏறிவிடும்.

அந்த நிறம் மிக மெல்லிய ஏடு. மெருகிட்டால் போய்விடும். எஃகை அரித்துக் கறுப்பாக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் ஊறவைத்தால் மொத்த அலகும் கறுத்து, மறைந்தே போய்விடும். நிறம்தான் போகும், இழந்த கடினம் வராது. அந்தப் பட்டறையின் கத்திகள் எல்லாமே ஏன் கறுப்பாக இருக்கின்றன என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. கறுப்பு மெருகு தன்னளவில் குற்றமில்லை. துருவைக் கொஞ்சம் தடுக்கும், அழகாகவும் இருக்கும். ஆனால் தீட்டிய பிறகு, மெருகிடுவதற்கு முன், வெள்ளை அலகின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் கத்தியைத் திருப்பிக் கேளுங்கள். நான் அனுப்பச் சொல்லவில்லை.

பிடியின் கதை இன்னும் கேவலம். மைக்கார்டா என்பது துணியையோ காகிதத்தையோ அடுக்கி, ஃபீனாலிக் பிசினில் ஊறவைத்து, அழுத்திச் சுட்ட பலகை. நனைந்தாலும் ஊதாது. அமெரிக்காவிலிருந்து வரவழைத்தது என்று சொல்லித்தான் 3,200 வாங்கினார்கள். பெயர்ந்த தகட்டின் உடைந்த ஓரத்தில் துணி இழை ஒன்றுகூட இல்லை. சாயமேற்றிய பிளைவுட். மழையில் ஊதி, பசையை விட்டுக் கிளம்பியிருக்கிறது. நம் ஊரில் மின்சாதனத் தொழிலுக்கு விற்கும் துணி ஹைலம் பலகையே மைக்கார்டாவின் குடும்பம்தான். அதைப் போட்டு, ஹைலம் என்று சொல்லியிருந்தால் மகிழ்ச்சியோடு பணம் கொடுத்திருப்பேன். மரத்தைப் போட்டு வேறு பெயர் சொன்னதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தகட்டுக்கு அடியில் வாலைப் பார்த்தபோது பெரியவரே உச்சுக் கொட்டினார். செம்பழுப்புத் துரு, புள்ளிப் புள்ளியாய்க் குழி. ஃபெரிக் குளோரைடில் ஊறிய எஃகைச் சமையல் சோடாக் கரைசலில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, அசிட்டோனால் துடைத்த பிறகே எபாக்சி பசை வைக்க வேண்டும். இவர்கள் அமிலம் மிச்சமிருக்கும்போதே பிடியை ஒட்டி மூடியிருக்கிறார்கள். உள்ளே அது தன் வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது. கழற்றி மாட்டக்கூடிய பழைய பிடியையும் திருகுகளையும் கேட்டேன். தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள். எதைக் கொடுத்தாலும், கழற்றுகிற பாகங்கள் எல்லாம் திரும்பி வர வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உறைக்குக் கைப்பை தைக்கும் மெல்லிய தோல். கத்தி வாய் படும் ஓரத்தில், இரண்டு தோலுக்கும் நடுவே இன்னொரு தோல் பட்டையை வைத்துத் தைப்பது அடிப்படை. இல்லாவிட்டால் உருவும்போதெல்லாம் கத்தி நூலை அறுக்கும். அறுத்தது. தோல் பதனிடும் ஊரான திண்டுக்கல்லில் இருந்துகொண்டு தோல் உறைக்கு வேறு மாவட்டத்துக்குப் பணம் அனுப்பினேன் என்பதே எனக்கு வருத்தம்.

பட்டறைக்குப் படங்களோடு எழுதினேன். “கார்பன் எஃகு அப்படித்தான் சார். கத்தியால் விறகு பிளப்பது தவறான பயன்பாடு” என்று பதில் வந்தது. வெளிவேலைக்கு என்று விளம்பரம் செய்து, விறகு பிளக்கும் படத்தைப் போட்டு, வாடிக்கையாளரைப் பிடிப்பவர்கள் சொன்ன பதில் இது. பிறகு என் எண்ணை முடக்கிவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். ரசீது இல்லை, பணம் அனுப்பிய பதிவும், பேசிய செய்திகளும், கூரியர் சீட்டும் இருக்கின்றன. அவற்றை அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது சட்ட விஷயம். அதே பட்டறை என் நண்பர் ஒருவருக்கு 11 அங்குலக் கத்தி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறது, காட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டுவேலை, விவசாயம், தொழில், அறிவியல் ஆகியவற்றுக்கென வடிவமைத்தவை விதிவிலக்கு. அளவு எதுவாக இருந்தாலும், சரணாலயத்துக்குள் எழுத்துமூல அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவதை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு தடைசெய்கிறது. சொந்தத் தோட்டம் வேறு, சரணாலயம் வேறு. விற்பவர் இதைச் சொல்லமாட்டார், சோதனைச் சாவடியில் நிற்பது நீங்கள்.

பெரியவரிடம், மறுபடியும் தோய்ச்சல் போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“லாரி வில்லுப் பட்டையாக இருந்தால் இப்போதே உலையில் வைப்பேன். இது எனக்குப் பழக்கமில்லாத இரும்பு தம்பி. எந்தச் சூட்டில் எடுக்க வேண்டும், எதில் முக்க வேண்டும் என்று தெரியாமல் வைத்தால் கோணிவிடும், இல்லையென்றால் விரிசல் விடும். செத்த பகுதியை மட்டும் தேய்த்து எடுத்துவிடுகிறேன்.”

எனக்குத் தெரியாது என்று சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர் கையில் கத்தியைக் கொடுத்தேன். சாணைக்குப் பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர். கையுறை போடவில்லை. விரலை அலகோடு ஒட்டி வைத்தே பிடித்தார், விரல் சூட்டை உணர்ந்ததும் தண்ணீரில் முக்கினார். ஒரு மதியம் முழுக்க ஆனது. முனையில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் போனது. கடைசியில் அதே அரத்தை மறுபடியும் முனையில் வைத்துத் தள்ளிக் காட்டினார், வழுக்கியது. 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். உங்கள் கத்தியைத் தீட்ட யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால் நேரில் போங்கள். மிஷினுக்குப் பக்கத்தில் தண்ணீர் வாளி இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன் நீங்களே ஓர் அரத்தை எடுத்து, பிடிக்கு அருகிலும் முனைக்கு அருகிலும் வைத்துப் பாருங்கள். 150 ரூபாய் அரம் போதும்.

கத்தி இப்போது துணி ஹைலம் பிடியோடு தோட்டத்தில் இருக்கிறது. பித்தளைத் திருகு போட்டுத்தான் மாட்டியிருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் கழற்றி உள்ளே பார்க்கலாம். புகாருக்கு இன்னும் பதில் வரவில்லை. அந்தப் பட்டறையின் விளம்பரப் படங்களில் என் கத்தி இன்னமும் இருக்கிறது. பழுப்பு நிறப் பிடி, கறுப்பு அலகு. கூர்ந்து பார்த்தால் முனையில் ஓர் அங்குலம் மட்டும் மற்ற இடத்தைவிட அடர்ந்த கறுப்பாகத் தெரியும்.