அந்த ரிலீவரை ஏன் அங்கே இறக்கினாய்? ஒன்பது சீசன் பேஸ்பால் சிம் ஆடிய அனுபவம்

போன வாரம் நண்பனிடமிருந்து, நான் ஆடும் பேஸ்பால் சிம் லீக் பற்றி ஒரு செய்தி. "மச்சி, உன் லீக்ல எனக்கும் ஒரு டீம் தர்றாங்களாம். முதல்ல என்ன பண்ணணும்?" இரண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று காலைதான் ஒரு பாக்ஸ் ஸ்கோரை (ஆட்டத்தின் கணக்குப் பட்டியலை) பார்த்துவிட்டு போனை மெத்தையில் விட்டெறிந்திருந்தேன். அந்தக் கடுப்போடு எழுத உட்கார்ந்ததால் பதில் இவ்வளவு நீண்டுவிட்டது.

ஒன்பது சீசன் ஆடியிருக்கிறேன். ஒவ்வொரு இரவும் மூன்று ஆட்டம் ஓடும். 162 ஆட்டம் முடிய 54 இரவு. பிளேஆஃப், டிராஃப்ட், ஒப்பந்தப் பேரம் எல்லாம் சேர்த்தால் ஒரு சீசனுக்கு இரண்டரை மாதம் ஆகிவிடும். ஆக மொத்தம் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. சிம் என்றால் கம்ப்யூட்டரே ஆட்டத்தை ஆடி முடிக்கும் சிமுலேஷன் விளையாட்டு. யார் ஆடுவது, எந்த வரிசையில் (இதுதான் லைன்அப்), எந்த பிட்ச்சர் (பந்து வீசுபவர்) எத்தனை பந்து வரை என்றெல்லாம் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம். காலையில் முடிவு வந்திருக்கும். நாம் தூங்கும் நேரத்தில் அணியை நடத்துவது கம்ப்யூட்டர் மேனேஜர். என் புகார் முழுக்க அந்த ஆசாமி மேல்தான்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். முதல் ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸ் முடியும்போது 9-2 என்று நாங்கள் முன்னால். மிச்சம் இரண்டு இன்னிங்ஸ். யாரை இறக்கினாலும் ஜெயித்துவிடலாம். எட்டாவது இன்னிங்ஸுக்கு நேராகப் பார்த்தால் என் குளோசரின், அதாவது நெருக்கமான ஆட்டத்தைக் கடைசியில் முடித்துத் தரும் பிட்ச்சரின், பெயர் இருக்கிறது. ஏழு ரன் முன்னிலையைக் காப்பாற்ற, அணியிலேயே சிறந்த ரிலீவர் (நடுவில் மாற்றாக இறங்கும் பிட்ச்சர்)! இரண்டு இன்னிங்ஸ், 31 பந்து. அதே இரவில் இரண்டாவது ஆட்டம், எதிரணி மைதானம், ஒன்பதாவது இன்னிங்ஸில் 3-3. இப்போதுதான் குளோசர் வேண்டும். அவன் பெயருக்குப் பக்கத்தில் 'சோர்வு' என்று சிவப்பில் எழுதியிருக்கிறது. வந்தவன் புல்பென்னின் (மாற்று பிட்ச்சர்கள் கூட்டத்தின்) கடைசி ஆள், மைனர் லீக்கிலிருந்து நான் அவசரத்துக்குக் கூப்பிட்டு வைத்திருந்த பையன். முதல் பேட்டருக்கு வாக், அதாவது நான்கு தப்புப் பந்து போட்டு ஃபர்ஸ்ட் பேஸை இலவசமாகக் கொடுத்தான். இரண்டாமவனுக்கும் வாக். மூன்றாமவன் முதல் பந்தையே வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டான். 6-3. ஆட்டம் முடிந்தது, போன் மெத்தைக்குப் போனது.

கம்ப்யூட்டர் மேனேஜர் ஏன் அப்படி இறக்கினான்? சில நாள் சும்மா இருந்த குளோசருக்குக் கை மரத்துப் போகாமல் இருக்க ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்று அவனுக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். என் குளோசர் நான்கு நாளாக வீசவில்லை. சரி, வேலை கொடு. ஒரு இன்னிங்ஸ் போதாதா? அதையாவது நான் கட்டுப்படுத்தலாமா என்றால் அதற்கு ஒரு பட்டன்கூட இல்லை. பண்ட் (பந்தை மெல்லத் தட்டிவிடுவது) எத்தனை முறை, ஸ்டீல் (அடுத்த பேஸுக்குத் திருட்டு ஓட்டம்) எத்தனை முறை, எந்த பேட்டருக்கு வேண்டுமென்றே வாக் கொடுப்பது என்று இருபது ஸ்லைடர் வைத்திருக்கிறார்கள். இது ஒன்றைத் தவிர. ஒன்பது சீசனாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "குறித்துக்கொண்டோம்" என்று ஒவ்வொரு தடவையும் மரியாதையாகப் பதில் வரும். அவ்வளவுதான்.

ஆனால் நியாயமாகவும் பேச வேண்டும். நிஜ மேனேஜர்களும் இப்படித்தான். சில நாள் வீசாத குளோசரைத் தோற்கும் ஆட்டத்தில்கூட இறக்கி வீசவிடுவார்கள். இதற்கு நேர்மாறான பிடிவாதமும் உண்டு. 2016-ல் டொரொன்டோவுக்கு எதிராக பால்டிமோர் ஆடிய, தோற்றால் வெளியே என்ற வைல்ட் கார்டு ஆட்டம் அப்படிப்பட்டது. அந்த சீசனில் 47 சேவ் (குறுகிய முன்னிலையைக் காத்து முடிப்பது) வாய்ப்புகளில் 47-ஐயும் காப்பாற்றிய பால்டிமோர் குளோசர் சாக் பிரிட்டன் புல்பென்னில் உட்கார்ந்திருந்தார். முன்னிலை கிடைத்தால் இறக்கலாம் என்று மேனேஜர் பக் ஷோவால்டர் காத்திருந்தார். முன்னிலை வரவே இல்லை. பதினோராவது இன்னிங்ஸில் டொரொன்டோவின் எட்வின் என்கர்னாசியோன் மூன்று ரன் ஹோம் ரன் அடிக்க, 5-2 என்று கதை முடிந்தது. பிரிட்டன் ஒரு பந்துகூட வீசவில்லை. ரத்தமும் சதையுமான மனிதர் நாடே பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தில் அப்படிச் செய்திருக்கும்போது, என் கம்ப்யூட்டர் மேனேஜரை மட்டும் எப்படித் திட்டுவது? திட்டத்தான் செய்கிறேன்.

சரி, நண்பன் கேட்டதற்கு வருகிறேன்.

முதல் இரண்டு வாரம் யாரோடும் டிரேட் வேண்டாம். புது ஆள் சேர்ந்தால் பழைய ஆட்களுக்கு மூக்கு வேர்த்துவிடும். நான் சேர்ந்த மூன்றாம் நாள் ஒரு சீனியர் ரொம்ப அன்பாக எழுதினார். "வாங்க தம்பி, என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க. உங்க லைன்அப் கொஞ்சம் வீக்கா இருக்கு. போன வருஷம் .330 அடிச்ச ஆளைத் தர்றேன். அந்தச் சின்னப் பையன் பிட்ச்சர் இருக்கானே, அவனை மட்டும் கொடுங்க போதும்." .330! பத்து முறை பேட் பிடித்தால் மூன்று முறைக்கு மேல் ஹிட். கை நடுங்க ஒப்புக்கொண்டேன். வந்த பேட்டருக்கு 34 வயது. போன பிட்ச்சருக்கு 22. அந்த .330 எப்படி வந்தது என்று அப்போது எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. ஹோம் ரனை விட்டுவிட்டு, மைதானத்துக்குள் அடித்த பந்துகளில் எத்தனை ஹிட் ஆயின என்று ஒரு கணக்கு உண்டு, பேபிப் என்பார்கள். லீக் முழுக்க எடுத்துப் பார்த்தால் அது .300-ஐ ஒட்டியே இருக்கும். இவருக்கு அந்த ஒரு சீசனில் மட்டும் .400. அதாவது அடித்ததெல்லாம் ஃபீல்டர் இல்லாத இடத்தில் போய் விழுந்திருக்கிறது. அடுத்த சீசனில் என்னிடம் வந்து .251 அடித்தார். அந்தப் பையன் இன்னும் அவர்களுக்கு வீசிக்கொண்டிருக்கிறான், எங்கள் டிவிஷனிலேயே.

இதே கணக்கின் மறுபக்கம் பிட்ச்சருக்கு. ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), வாக், ஹோம் ரன் மூன்றும்தான் பெருமளவு பிட்ச்சர் கையில் இருக்கின்றன, மைதானத்துக்குள் விழும் பந்து ஹிட் ஆவதில் அவன் பங்கு மிகக் குறைவு என்று 2001-ல் பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் வோரஸ் மெக்ராக்கன் எழுதியபோது பலர் சிரித்தார்கள். பிற்பாடு அதில் திருத்தங்கள் வந்தாலும் அடிப்படை நின்றுவிட்டது. சிம் எழுதுகிறவர்கள் இதையெல்லாம் கரைத்துக் குடித்தவர்கள். அதனால் பிட்ச்சரின் ரன் சராசரியைப் பார்த்து வாங்காதே. எத்தனை பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தான், எத்தனை வாக் கொடுத்தான் என்று பார்.

அதற்காக ஃபீல்டிங்கை விட்டுவிடாதே. நான் விட்டேன். நான்காவது சீசனில் நன்றாக அடிக்கிறான் என்பதற்காக ஒரு தேர்ட் பேஸ் ஆளை ஷார்ட்ஸ்டாப்பில் (செகண்ட், தேர்ட் பேஸுக்கு நடுவே உள்ள இடம்) நிறுத்தினேன். விளையாட்டு தடுக்கவில்லை, ஒரு மஞ்சள் முக்கோணம் மட்டும் காட்டியது. நாற்பது ஆட்டத்துக்குப் பிறகு என் பிட்ச்சர்கள் எல்லோரும் மோசமாகிவிட்டார்கள் என்று நினைத்து ஒருவனை விற்றேன். மோசமானது அவர்கள் இல்லை, அவர்களுக்குப் பின்னால் நின்ற ஓட்டை. கேட்சர், ஷார்ட்ஸ்டாப், செகண்ட் பேஸ், சென்டர் ஃபீல்டு, இந்த நடுக்கோடு நான்கிலும் முதலில் பிடிக்கத் தெரிந்தவனைப் போடு, பிறகு அடிப்பதைப் பார். அடிக்க மட்டும் தெரிந்தவனுக்கு ஃபர்ஸ்ட் பேஸ் இருக்கிறது, டிஹெச் (ஃபீல்டிங் இல்லாமல் பேட் மட்டும் பிடிக்கும் இடம்) இருக்கிறது.

லைன்அப் இரண்டு எழுத வேண்டும். வலது கை பிட்ச்சருக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. புதியவர்கள் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடுவார்கள். நானும்தான். இடது கை பிட்ச்சர் வந்த நாட்களிலெல்லாம் என் மாற்று கேட்சர் நான்காவது இடத்தில் பேட் பிடித்துக்கொண்டிருந்தான். இருபது ஆட்டம் கழித்துத்தான் கவனித்தேன்.

பண்ட் ஸ்லைடரைக் கீழே இறக்கிவிடு. ஃபர்ஸ்ட் பேஸில் ஆள், அவுட் ஏதும் இல்லை என்ற நிலையில் அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக 0.9 ரன் அளவுக்கு வரும். பண்ட் அடித்து அவனை செகண்ட் பேஸுக்குத் தள்ளி, பதிலுக்கு ஓர் அவுட்டைக் கொடுத்தால் அது 0.7 பக்கம் இறங்கிவிடும். கைக்காசைக் கொடுத்து நஷ்டத்தை வாங்குவது என்றால் இதுதான். ஒரே ஒரு ரன் போதும் என்ற கடைசி இன்னிங்ஸுக்கு மட்டும் வைத்துக்கொள். ஸ்டீலும் அப்படியே. பத்து முயற்சியில் ஏழுக்கு மேல் பிழைக்கிற ஆளுக்கு மட்டும் பச்சைக்கொடி, மற்றவர்கள் பேஸிலேயே நிற்கட்டும்.

வயதைப் பற்றி ஒரே வரி. பேட்டர்களின் உச்சம் 27-ஐ ஒட்டி என்று பேஸ்பால் புள்ளிவிவர முன்னோடி பில் ஜேம்ஸ் அந்தக் காலத்திலேயே காட்டிவிட்டார், அதனால் 31 வயதுக்காரனுக்கு ஆறு வருட ஒப்பந்தம் எழுதாதே.

அப்புறம் தோல்வி. முதல் சீசனில் தொடர்ந்து எட்டு ஆட்டம் தோற்றபோது அணியையே கலைக்கப் பார்த்தேன். 2001-ல் 116 ஆட்டம் ஜெயித்த சியாட்டல் அணிகூட 46 ஆட்டம் தோற்றது. 2024-ல் 121 தோல்வி கண்ட சிகாகோ வைட் சாக்ஸ் 41 ஆட்டம் ஜெயித்தது. எல்லா அணியும் ஏறக்குறைய நாற்பது ஜெயிக்கும், நாற்பது தோற்கும். நடுவில் இருக்கும் எண்பது சொச்சத்துக்குத்தான் இத்தனை பாடு. காசைச் சுண்டிவிட்டே 162 ஆட்டத்தைத் தீர்மானித்தாலும் 81-க்கு ஆறு கூடவோ குறையவோ வருவது சாதாரணம்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஏழாவது சீசனில் நாங்கள் 731 ரன் எடுத்தோம், 702 கொடுத்தோம். எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்தது கொடுத்தது இரண்டின் வர்க்கங்களையும் கூட்டிய தொகையால் வகுத்தால் ஜெயிக்க வேண்டிய விகிதம் கிடைக்கும் என்பது பில் ஜேம்ஸின் சூத்திரம். அதன்படி 84 வெற்றி வந்திருக்க வேண்டும். எங்களுக்கு வந்தது 77. ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 17 வெற்றி, 31 தோல்வி. எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் மேனேஜரால்தான் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். ஆதாரத்தோடு புகார் எழுதலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அந்த 31 பாக்ஸ் ஸ்கோரையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். குளோசரை வீணடித்ததால் தோற்றது என்று மனசாட்சியோடு சொல்லக்கூடியவை ஐந்து. மீதி 26? லைன் டிரைவ் (தாழ்வாகப் பாயும் அடி) நேராக ஃபீல்டர் கையில் போனது, பேஸில் மூன்று பேர் நிற்கும்போது என் ஆள் டபுள் பிளே (ஒரே அடியில் இரண்டு அவுட்) அடித்தது, என் ஷார்ட்ஸ்டாப் பந்தை விட்டது. இரண்டு ஆட்டத்தில் காயம்பட்டவனை லைன்அப்பிலிருந்து எடுக்க நானே மறந்திருந்தேன். அந்தப் புகாரை அனுப்பவில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இந்த இரண்டு வருடத்தில் நான் மிகவும் ரசித்த நாள் என்றால் நம்புவாயா? 31 தோல்வியைப் படிக்கப் படிக்க ஒவ்வோர் ஆளும் தெரிய ஆரம்பித்தான். ஏழாவது இடத்தில் ஆடும் என் கேட்சர் எதையும் அடிப்பதில்லை. ஆனால் இரண்டு ஸ்ட்ரைக் வாங்கிய பிறகும் எட்டு, ஒன்பது பந்து வரை இழுத்து எதிரணி ஸ்டார்ட்டரை (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சரை) ஆறாவது இன்னிங்ஸிலேயே களைப்பாக்கி அனுப்பிவிடுவான். எந்த அட்டவணையிலும் அவனுக்கு இடமில்லை. பந்துக்குப் பந்து உள்ள பதிவைப் படித்தால் மட்டும்தான் தெரியும். அவன் ஒப்பந்தத்தை இரண்டு தடவை நீட்டித்தேன், கணக்குப்படி பார்த்தால் இரண்டு தடவையும் தப்பு. இப்படி ஓர் ஆள்மீது பாசம் வரவைக்கிற வேறொரு விளையாட்டை நான் ஆடியதில்லை. எந்திரம் அவ்வளவு நுணுக்கம். பிட்ச்சர் மூன்றாவது சுற்று வரும்போது பேட்டர்கள் அவனைப் படித்துவிடுவது, மைதானத்துக்கு மைதானம் ஹோம் ரன் எண்ணிக்கை மாறுவது, எல்லாம் சொல்லாமலேயே உள்ளே இருக்கிறது. இந்த வகையில் இதைவிட நல்லது கிடையாது என்றே சொல்வேன்.

"அப்போ சேரட்டுமா?" என்று நண்பன் கேட்டான்.

வேண்டாம் என்றேன். வார முடிவுக்குள் மறுத்துவிட்டால் அணி வேறு யாருக்காவது போய்விடும், உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. காலையில் எழுந்ததும் முதலில் புல்பென் சோர்வுப் பட்டியலைப் பார்க்கிற பிழைப்பு எதற்கு? நானே இந்த சீசனோடு நிறுத்துவதாக இருக்கிறேன். போன சீசனிலும் அப்படித்தான் இருந்தேன்.

நேற்று இரவு அவன் சேர்ந்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. அணியைத் திறந்து பார்த்தேன். லைன்அப் கொஞ்சம் வீக்காகத்தான் இருக்கிறது. இடது கை ஸ்டார்ட்டர் ஒருவன் இருக்கிறான், 22 வயது, 100 இன்னிங்ஸில் 118 ஸ்ட்ரைக்அவுட், 24 வாக். என்னிடம் போன வருடம் .318 அடித்த ஓர் ஆள் சும்மா இருக்கிறார். டேய், இதைப் படித்து முடித்தால் ஒரு போன் பண்ணு.