சிம்மக்கல் காலை ஆங்கில வகுப்பு: 'ரன்' என்ற ஒரு சொல்லுக்கே கொடுத்த காசு தகும்

மதுரையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு தொங்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முக்கால்வாசி இடங்களில் 'மை நேம் இஸ்' என்று ஆரம்பித்து, டென்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்ய வைத்து, கையில் ஒரு சர்டிஃபிகேட் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் காலை 7 மணிக்கு நடக்கும் இந்த வகுப்பு அந்த ரகம் இல்லை. கடை திறப்பதற்குள் முடித்துவிட்டுப் போய்விடலாம் என்பதால் கடைகளில் வேலை பார்க்கிறவர்கள், ஹோட்டல் ரிசப்ஷனில் நிற்கிற பிள்ளைகள், ஆட்டோ ஓட்டும் அண்ணன்மார் என்று வருகிறார்கள். நான் கோயிலைச் சுற்றியுள்ள வீதி ஒன்றில் சுங்குடிச் சேலைக் கடை கவுன்டரில் நிற்கிறேன். எங்களுக்கு வேண்டியது பரீட்சை ஆங்கிலம் இல்லை, எதிரே நிற்கிற ஆள் கேட்பது புரிய வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே சார் ஒரு வினைச்சொல்லை எடுத்தால் அதை நாலா பக்கமும் புரட்டிப் பார்க்காமல் விடுவதில்லை. முதல் சொல் 'ரன்'. ஏன் அது முதலில் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்கு இருந்தது, பின்னால் திருத்தி எழுதும்போது 'ரன்' அதைத் தாண்டிவிட்டது, வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள், அந்த ஒரு சொல்லைத் தொகுக்கவே பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியருக்குச் சுமார் 9 மாதம் பிடித்தது. கேட்டதும் வகுப்பில் பாதிப் பேருக்கு முகம் வாடிவிட்டது.

சார் உடனே தமிழுக்கு வந்தார். ஃபேன் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, பொழுது ஓடுகிறது, மண்டையில் ஒன்றும் ஓடவில்லை. இதையெல்லாம் யாராவது பட்டியல் போட்டா நமக்குச் சொல்லித் தந்தார்கள்? எது ஓடுகிறது என்பதைப் பார்த்து அர்த்தத்தைப் பிடித்துக்கொள்கிறோம். ரன்னையும் அப்படியே பிடியுங்கள், முன்னால் யார் நிற்கிறார், பின்னால் என்ன வருகிறது, இந்த இரண்டையும் பாருங்கள் என்றார். இந்த வகுப்பின் மொத்தச் சரக்கும் அதுதான், ஆனால் அதை அவர் நடத்திக் காட்டும் விதம் வேறு எங்கேயும் நான் பார்க்காதது.

எங்கள் கடையில் வெளிநாட்டுக்காரர்கள் சேலையைத் தடவிப் பார்த்துவிட்டு அடிக்கடி கேட்பது, 'வில் இட் ரன்?' சுங்குடிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவது என்றெல்லாம் விளக்கத் தெரிந்த எங்களுக்கு இந்த மூன்று சொல் கேள்வி பிடிபடாது. வகுப்பில் சொன்னதும் சார் மறுநாள் ஒரு அரக்குச் சுங்குடித் துண்டு கொண்டுவரச் சொன்னார். அதைத் தண்ணீரில் நனைத்து, வெள்ளைக் கைக்குட்டைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி எடுத்தார். வெள்ளையில் அரக்கு ஓரம் கட்டிப் பரவியது. 'தி கலர் ஹாஸ் ரன்.' சாயம் இறங்குமா என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள். பதிலையும் அங்கேயே சொல்லிப் பழக்கினார்: 'இட் மே ரன் இன் தி ஃபர்ஸ்ட் வாஷ். ப்ளீஸ் வாஷ் இட் செப்பரேட்லி.' இப்போது கவுன்டரில் எல்லாரும் இதைத்தான் சொல்கிறோம், கேட்கிறவர்களும் தலையாட்டிவிட்டு அடுத்த சேலையைப் பார்க்கிறார்கள்.

ஆட்டோ அண்ணன் ஒருவருக்கு வேறு சிக்கல். தமிழில் தானாக ஓடினால் ஓடு, ஒருவர் ஓட்டினால் ஓட்டு. ஆங்கிலத்தில் மெஷின் ஓடுவதும் ரன், மெஷினை ஓட்டுவதும் ரன். ஆரப்பாளையத்திலிருந்து தேனிக்குப் பஸ் ஓடுவதும் ரன்தான். அப்படியானால் 'ஐ ரன் ஆன் ஆட்டோ' சரிதானே என்றார். இல்லண்ணே, அப்படிச் சொன்னால் ஆட்டோ வைத்துத் தொழில் நடத்துகிறீர்கள் என்று ஆகும், ஸ்டியரிங் பிடிப்பதற்கு டிரைவ் போடுங்கள் என்றார் சார். டீக்கடை வைத்திருப்பவர் தாராளமாக 'ஐ ரன் எ டீ ஸ்டால்' சொல்லலாம். அப்புறம் ஹோட்டல் தம்பி ஒருவன், இங்கிலாந்துக்காரர் ஒருவர் 'குட் சம்ஒன் ரன் மீ டு தி ஏர்போர்ட்?' என்று கேட்டதைச் சொன்னான். காரில் கொண்டுபோய் விடுவதற்கு அங்கே அப்படிச் சொல்வார்களாம்.

'ரன் அவுட்' என்றால் நமக்குக் கிரிக்கெட்தான். சார் அதற்குச் சொன்ன வழி எனக்கு மறக்காது. பால் தீர்ந்துவிட்டதென்றால் 'தி மில்க் ஹாஸ் ரன் அவுட்'. ஆள் முன்னால் வந்தால் 'வி ஹாவ் ரன் அவுட் ஆஃப் மில்க்'. பொருள் முன்னால் நின்றால் 'ஆஃப்' வேண்டாம், ஆள் முன்னால் நின்றால் வேண்டும். மூக்கு ஒழுகுவது, காய்ச்சல் அடிப்பது, சர்க்கரை பரம்பரையாக வருவது, இதெல்லாவற்றிலும் ரன் வருகிறது, அவற்றை வேகமாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டார், அது போதும்.

குறையும் உண்டு. இவ்வளவு அழகாக நடத்திவிட்டுக் கடைசியில் ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கையில் கொடுத்து அதில் உள்ள சொற்றொடர்களை ஒப்பிக்கச் சொல்கிறார்கள். வாக்கியம் இல்லை, சூழ்நிலை இல்லை, வரிசையாக இங்கிலீஷ், எதிரே தமிழ். சார் முதல் நாள் வேண்டாம் என்று சொன்ன அதே பட்டியல். அந்தக் கட்டை நம்பிப் படிக்காதீர்கள், வகுப்பில் எழுதிய நோட்டே போதும். காதால் கேட்டுப் பழகுவதற்கும் ஒன்றும் செய்வதில்லை. சார் சொன்னால் புரிகிறது, ஆஸ்திரேலியாக்காரர் வேகமாகச் சொன்னால் பிடிபடுவதில்லை. நாலு குரல்களைப் பதிவு செய்து போட்டுக் காட்ட என்ன கஷ்டம்? நேரிலும் கேட்டேன், செய்கிறோம் என்றார்கள்.

கட்டணம் மாதம் 1,500 ரூபாய், இரண்டு தவணையாகவும் வாங்கிக்கொள்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இது சரிப்படாது, கவுன்டரிலும் ரிசப்ஷனிலும் நிற்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். வேலையில் காதில் விழுந்து புரியாமல் போன வாக்கியங்களை எழுதிக்கொண்டு போங்கள், சார் அதை வைத்துத்தான் பாடம் நடத்துவார். அடுத்து 'டேக்' எடுக்கிறார். கீழே வண்டி நிறுத்த இடம் கிடையாது, பஸ்ஸில் வருவது நல்லது.