மனநலத்துக்கும் காப்புறுதி உண்டு என்றார்கள், 148,000 ரூபாய் போனது

நேற்றுப் பின்னேரம் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து, காசு தர முடியாது என்று கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் ஐந்து வரி. கோபம் ஆறினால் எழுதமாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். பிள்ளைக்கு உளவளத்துணை (கவுன்சலிங்) தேவைப்படுகிறது, காப்புறுதி இருக்கிறதுதானே என்று நம்பி இறங்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டு இறங்குங்கள். எனக்குப் போனது 148,000 ரூபாய். தவணைப்பணம் 96,000, மகனை உளவளத்துணையாளரிடம் காட்டிய செலவு 52,000.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, முறைப்பாடு இன்னும் முடியவில்லை. கொழும்பில் பல கிளைகள் உள்ள ஒரு தனியார் காப்புறுதி நிறுவனம், அவ்வளவுதான்.

ஜனவரியில் முகவர் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பக்கத்து ஃபிளாட் அன்ரிக்குத் தெரிந்த பிள்ளை. நல்ல தமிழ், நல்ல பணிவு. நான் ஊற்றிக் கொடுத்த பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே மகனின் படிப்பை விசாரித்தார். ஏ.எல். எடுக்கப் போகிறான் என்றேன். "இப்ப பிள்ளையளுக்கு மனசு சரியில்லாமப் போறது கூட அக்கா. அதையும் நாங்கள் கவர் பண்ணுறம்" என்று அவராகத்தான் அந்தக் கதையை எடுத்தார். நான் விடாமல் கேட்டேன்: ஆஸ்பத்திரியில் வார்டில் நிற்காமல், சும்மா போய்க் கதைத்துவிட்டு வந்தாலும் காசு தருவீர்களா? அவர் விளம்பரத்தாளை மேசையில் விரித்து, 'வெல்னஸ்' என்ற சொல்லைச் சுற்றி நீலப் பேனையால் இரண்டு தரம் வட்டம் போட்டார். "பில்லைக் கொண்டு வாங்கோ அக்கா, ரெண்டு கிழமையில காசு எக்கவுண்டில விழும்." அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அந்த வட்டத்தை நம்பித்தான் முன்மொழிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். படிவம் முழுக்க ஆங்கிலம்.

ஜூனில் ஒரு நாள் வகுப்பில் இருந்தபோது மகனுக்கு நெஞ்சு படபடத்து, கை விறைத்து, மூச்சு எடுக்க முடியாமல் போய்விட்டது. ஈ.சி.ஜி. எடுத்தோம், ஒரு குறையும் இல்லை. இது பதற்றம், உளவளத்துணையாளர் ஒருவரிடம் காட்டுங்கள் என்றார் டொக்டர். சொல்வது சுகம், தமிழில் கதைக்கிற ஆளைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று கிழமை எடுத்தது. முதலில் போன இடத்தில் அந்த மிஸ் ஆங்கிலத்தில் கேட்கக் கேட்க, இவன் 'யெஸ்', 'நோ' என்பதோடு நிறுத்திக்கொண்டான். இங்கிலிஷில் பாடம் படிக்கிற பிள்ளைதான். ஆனாலும் இரவில் என்ன நினைத்துப் பயப்படுகிறான் என்பதைச் சொல்ல அவனுக்கு அந்த மொழி வரவில்லை. பிறகு பம்பலப்பிட்டியில் தமிழில் கதைக்கிற ஒருவர் கிடைத்தார். ஒரு தடவைக்கு 6,500 ரூபாய். எட்டுத் தடவை போனோம். ஆறாவது தடவை முடிந்து காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "அம்மா, இண்டைக்கு நான்தான் கன நேரம் கதைச்சன்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எவ்வளவும் கொடுப்பேன்.

எட்டுப் பற்றுச்சீட்டையும் டொக்டரின் கடிதத்தையும் சேர்த்துக் கிளையில் கொடுத்தேன். அதோடு அலைச்சல் தொடங்கியது. முதலில், சிஸ்டத்தில் பெண்டிங் என்றார்கள். அடுத்து, வார்டில் அனுமதிக்கப்படாததால் தர முடியாது என்றார்கள். அப்படியானால் இந்த வட்டம் என்ன என்று தாளைக் காட்டினேன். 'வெல்னஸ்' என்பது வருடத்துக்கு ஒருமுறை செய்கிற இரத்தப் பரிசோதனையாம்! பிறகு, உளவளத்துணையாளர் மருத்துவ சபையில் பதிவு செய்தவர் இல்லை என்று இன்னொரு காரணம். ஹொட்லைனில் தமிழுக்கு உரிய இலக்கத்தை அழுத்தினால் எடுப்பவருக்குத் தமிழ் வராது. முகவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினால் நீல டிக் விழும், பதில் வராது. ஒரே ஒரு தடவை எடுத்து, "அக்கா, நான் இப்ப வேற பிராஞ்ச். ஹெட் ஒபீசில கேளுங்கோ" என்று வைத்துவிட்டார். என் வீட்டில் இருந்து தேநீர் குடித்த பிள்ளை. கடைசியில் நேற்றைய கடிதம்: மனநோயும் நரம்புத் தளர்ச்சியும் இந்தக் காப்புறுதிப் பத்திரத்தில் அடங்காது, விலக்குகள் (எதற்கெல்லாம் காசு தரமாட்டார்கள் என்று சொல்லும்) பகுதியைப் பார்க்கவும். பார்த்தேன். 14ஆம் பக்கத்தில், எறும்பு மாதிரி எழுத்தில், ஒரே வரியாக இருக்கிறது. இந்த ஒரு வரியை ஜனவரியிலேயே சொல்லியிருந்தால் 148,000 ரூபாய் என் கையில் இருந்திருக்கும்.

காசை விடுங்கள். ஹொட்லைனோடு நான் சத்தம் போட்டதை மகன் அறைக்குள் இருந்து கேட்டிருக்கிறான். இரவு வந்து, "அம்மா, எனக்கு இப்ப சுகம். இனிப் போகத் தேவையில்லை" என்றான். அவனுக்குச் சுகமில்லை, எனக்குத் தெரியும். தான் ஒரு செலவு என்று அவனாகவே கணக்குப் போட்டுவிட்டான். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சிலது. விளம்பரத்தாளை நம்பாதீர்கள், பத்திரத்தில் விலக்குகள் பகுதியை முதலில் வாசியுங்கள், தமிழில் தரச் சொல்லிக் கேளுங்கள். முகவர் வாயால் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் என்றாலும் சரி. பத்திரம் கைக்கு வந்து 21 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பலாம் என்று என்னுடையதில் எழுதியிருந்தது, நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை. உளவளத்துணையாளரிடம் போகும் முன்பே, அவருடைய பற்றுச்சீட்டை ஏற்பார்களா என்று நிறுவனத்திடம் ஈமெயிலில் கேளுங்கள். மறுத்தால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் முறையிடுங்கள், அதற்குப் பிறகு இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கிற காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது. என் கடிதம் திங்கட்கிழமை போகிறது, நீல வட்டம் போட்ட தாளின் பிரதியோடு.

அரசாங்க ஆஸ்பத்திரிகளின் மனநலக் கிளினிக்கில் காசில்லாமல் பார்க்கிறார்கள். களுபோவிலை ஆஸ்பத்திரி எங்களுக்குக் கிட்ட, அடுத்த கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன். இரவில் தாங்க முடியாமல் இருக்கிறவர்கள் 1926க்கு எடுங்கள், அது அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் குறைந்த கட்டணத்தில் தமிழில் கதைக்கிற உளவளத்துணையாளர் யாரையாவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். பிள்ளை இப்போதுதான் வாய் திறந்து கதைக்கத் தொடங்கியிருந்தான்.